நானோ என்றால் சின்னது, அவ்வளவுதானா?

கட்டபெட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டது — 3 நவம்பர் 2024

எனக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. கோத்தகிரியில் ஓர் உரக்கடையில் துத்தநாகம் கேட்டதற்கு எப்போதும் வாங்குகிற உப்பைத் தராமல் ஒரு பாட்டிலைக் கையில் கொடுத்தார்கள். மேலே "நானோ" என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. என்ன அர்த்தம் என்று கேட்டேன். "ரொம்ப ரொம்பச் சின்னதுங்க, இலைக்குள்ள நேரா போயிடும்" என்றார் கடைக்காரர். நானோ என்றால் சின்னது என்பதோடு முடிந்ததா? அப்படியென்றால் எதை நன்றாக அரைத்தாலும் நானோதானே? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

3 நவம்பர், இரவு

அண்ணா, கடைக்காரர் சொன்னதில் பாதி சரி. முதலில் அளவைப் பார்ப்போம். ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். நானோ என்ற முன்னொட்டு குள்ளன் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. குறைந்தது ஒரு பக்கமாவது 1 முதல் 100 நானோமீட்டருக்குள் இருக்கும் பொருளை நானோப் பொருள் என்பது வழக்கம்.

நூறு கோடி என்றால் மனசில் எதுவும் நிற்காது. நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கும்போது நகத்தைக் காட்டுவேன். கை நகம் மாசத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளர்கிறது. மாசத்துக்கு ஏறக்குறைய 26 லட்சம் விநாடி. வகுத்துப் பாருங்கள், விநாடிக்கு ஒரு நானோமீட்டர் வரும். இந்த வரியைப் படித்து முடிப்பதற்குள் உங்கள் நகம் நாலைந்து நானோமீட்டர் வளர்ந்திருக்கும்.

தலைமுடியின் தடிமன் 80,000 நானோமீட்டர் போல. ரத்தச் சிவப்பணு 7,000. டிஎன்ஏ இழையின் அகலம் 2.

5 நவம்பர்

"அரைத்தால் நானோவா" என்ற கேள்வியை அன்றைக்குத் தொடாமல் விட்டுவிட்டேன். விஷயமே அதில்தான் இருக்கிறது.

ஒருவர் கீழே "கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது" என்று எழுதியிருக்கிறார். நல்ல பழமொழி, ஆனால் இந்த இடத்துக்குப் பொருந்தாது. அளவு குறைந்தாலும் குணம் மாறாது என்கிறது பழமொழி. நானோவில் அளவு குறையக் குறையக் குணமே மாறுகிறது. தங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மோதிரமும் மஞ்சள், அதை ராவிய பொடியும் மஞ்சள். 20 நானோமீட்டர் துகளாகத் தண்ணீரில் மிதக்கவிட்டால் அதே தங்கம் சிவப்பு. மைக்கேல் ஃபாரடே 1857-லேயே இந்தச் சிவப்புத் தண்ணீரைச் செய்து, தங்கம் நுண்ணியதாகப் பிரிந்திருப்பதால் வரும் நிறம் இது என்று சொல்லிவிட்டார். கட்டித் தங்கம் உருக 1064 டிகிரி வேண்டும். இரண்டு மூன்று நானோமீட்டர் துகளோ அதற்குச் சில நூறு டிகிரி கீழேயே உருகிவிடும்.

ஏன் என்றால், பரப்பு. உள்ளே இருக்கும் அணுவுக்கு எல்லாப் பக்கமும் துணை உண்டு. விளிம்பில் இருப்பதற்கு ஒரு பக்கம் வெறுமை, அதனால் அது சும்மா இருக்காது, எதையாவது பிடிக்கப் பார்க்கும். 30 நானோமீட்டர் துகளில் சுமார் 5 சதவீத அணுக்கள் விளிம்பில் இருக்கும். 10 நானோமீட்டரில் 20 சதவீதம். 3 நானோமீட்டருக்கு வந்தால் பாதி அணுக்கள் வெளியே நிற்கின்றன. ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்தை ஒரு நானோமீட்டர் கனசதுரங்களாக நறுக்கினால் மொத்தப் பரப்பு 15 ஏக்கர் வரும்.

6 நவம்பர்

திருத்தம். 15 ஏக்கர் என்று எழுதியது தப்பு. குன்னூர் நண்பர் ஒருவர் சுட்டிக்காட்டினார், அவருக்கு நன்றி. நறுக்குவதற்கு முன் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். பக்கம் ஒரு கோடி மடங்கு சிறுக்கும்போது மொத்தப் பரப்பு ஒரு கோடி மடங்கு பெருகும். ஆறு கோடி சதுர சென்டிமீட்டர், அதாவது 6,000 சதுர மீட்டர். ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். ஆக, 148 சென்ட்.

கட்டபெட்டு அண்ணா, உங்கள் தோட்டமும் ஒன்றரை ஏக்கர்தானே. ஒரு சர்க்கரைக் கட்டி அளவுப் பொருளுக்குள் உங்கள் தோட்டம் முழுக்க மடித்து வைத்திருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

10 நவம்பர்

இரண்டு நாளாக மழை, டியூஷன் இல்லை. அப்பாவின் நினைவு வந்தது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

அப்பா ஊட்டி எச்.பி.எஃப்-இல், அதாவது இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலையில், வேலை பார்த்தார். இந்து நகரில்தான் நான் வளர்ந்தேன். இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்: நாடு முழுக்க ஆஸ்பத்திரிகளுக்கு எக்ஸ்ரே ஃபிலிம், ஸ்டுடியோக்களுக்குக் கறுப்பு வெள்ளை ஃபிலிம் இங்கிருந்து போன காலம் ஒன்று உண்டு. ஃபிலிம் என்றால் பிளாஸ்டிக் தாள்மேல் பூசிய ஜெலட்டின், ஜெலட்டினுக்குள் வெள்ளி புரோமைடு பரல்கள். இருட்டில் வெந்நீரில் கரைத்த ஜெலட்டினுக்குள் வெள்ளி நைட்ரேட்டையும் பொட்டாசியம் புரோமைடையும் விடுவார்கள். பரல் பிறக்கும். பிறகு சூடு குறையாமல் வைத்திருந்து "பழுக்க" விடுவார்கள். சின்னப் பரல் கரைந்து பெரிய பரலோடு சேரும். எத்தனை நிமிஷம் பழுக்கிறது, எத்தனை டிகிரி என்பதை வைத்துத்தான் பரலின் அளவு, அளவை வைத்துத்தான் ஃபிலிமின் வேகம், அதாவது எவ்வளவு குறைந்த ஒளியில் படம் விழும் என்பது. ஜெலட்டின் இல்லாவிட்டால் பரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும், கேழ்வரகு மாவை வெந்நீரில் ஒரேயடியாகக் கொட்டினால் ஆகிற மாதிரி.

இன்றைக்கு நானோப் பாடத்தில் நான் சொல்லிக்கொடுக்கும் அத்தனையும் இதில் இருக்கிறது. அணுவிலிருந்து மேலே கட்டிக்கொண்டு வருவது "கீழிருந்து மேல்" முறை. பெரிய பொருளை அரைத்தோ அரித்தோ சிறிதாக்குவது "மேலிருந்து கீழ்" முறை. துகள்கள் ஒட்டாமல் காக்கும் உறைக்கு "நிலைப்படுத்தி" என்று பெயர், அப்பாவுக்கு அது ஜெலட்டின்.

வெள்ளி நைட்ரேட் கையில் பட்டால் உடனே ஒன்றும் தெரியாது. வெளிச்சத்துக்கு வந்தபின் கறுக்கும். அப்பாவின் வலது கட்டைவிரலிலும் நகத்தடியிலும் எப்போதும் ஒரு கறை. அம்மா புளி வைத்துத் தேய்ப்பார், சாம்பல் வைத்துத் தேய்ப்பார், போகாது. அந்தக் கறையே உலோக வெள்ளியின் மிக நுண்ணிய துகள், தோலுக்குள் உட்கார்ந்துகொண்டது. தோல் உரிந்தால் போகும். நகத்தில் இருந்ததோ வாரத்துக்கு வாரம் நுனியை நோக்கி நகர்ந்தது. நான் பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து அளந்திருக்கிறேன். அந்தக் கறை விநாடிக்கு ஒரு நானோமீட்டர் நடந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது.

11 நவம்பர்

நேற்று உணர்ச்சியில் ஒன்றைத் தாண்டிப் போய்விட்டேன். சாதாரண ஃபிலிமின் பரல் 200 முதல் 2,000 நானோமீட்டர் வரை இருக்கும். 100-க்குள் வரவில்லை என்றால் வரையறைப்படி அது நானோ இல்லை. அப்பா செய்தது நானோ என்று சொல்ல ஆசைதான், ஆனால் ஆசைக்காக அளவை மாற்றக் கூடாது.

ஆனாலும் பரலுக்குள் நடப்பது நானோதான். ஒளி பட்டதும் பரலில் நாலைந்து வெள்ளி அணுக்கள் ஒரு புள்ளியாகக் கூடுகின்றன. நாலு அணு கூடிவிட்டால் போதும், டெவலப்பரில் போடும்போது அந்தப் பரலின் கோடிக்கணக்கான அணுக்களும் வெள்ளியாகிவிடும். மூன்றோடு நின்றால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஓர் அணு கூடுதலா குறைவா என்பதில் படம் விழுவதும் விழாததும் இருக்கிறது.

இன்னொன்று, கலர் ஃபிலிமில் நீல ஒளி கீழே இறங்காமல் தடுக்க ஒரு மஞ்சள் அடுக்கு உண்டு. அந்த மஞ்சள் சாயம் இல்லை, வெள்ளிதான். பத்து இருபது நானோமீட்டர் வெள்ளி மஞ்சளாகத் தெரியும். நகை வெள்ளை, எக்ஸ்ரேயில் கறுப்பு, அங்கே மஞ்சள், மூன்றும் ஒரே வெள்ளி.

24 நவம்பர்

"நம்ம ஊர் மூடுபனியும் நானோதானே" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். இல்லை தம்பி. பனிமூட்டத்தின் துளி 10,000 நானோமீட்டர் அளவில் இருக்கும். ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 வரைதான். அலையைவிடத் துளி பல மடங்கு பெரிது, அதனால் எல்லா நிறத்தையும் ஒன்றுபோல் சிதறடிக்கிறது, வெள்ளையாகத் தெரிகிறது.

மழை விட்டு வெளுத்த காலையில் தொட்டபெட்டாவிலிருந்து தூரத்து மலை நீலமாகத் தெரிவது வேறு கதை. அங்கே ஒளியைச் சிதறடிப்பவை அலைநீளத்தைவிடப் பல மடங்கு சிறியவை, காற்றின் மூலக்கூறுகளும் மிக நுண்ணிய மிதவைகளும். அவ்வளவு சிறியவை 400 நானோமீட்டர் ஊதாவை 700 நானோமீட்டர் சிவப்பைவிடச் சுமார் 9 மடங்கு அதிகம் சிதறடிக்கும். நடுவில் உள்ள காற்று முழுக்க நீலமாகிவிடுகிறது. குளிர்காய மூட்டும் விறகின் மெல்லிய புகை இருட்டுப் பின்னணியில் நீலமாகத் தெரிவதும் இதனால்தான். அதே புகை அடர்ந்து ஈரத்தோடு சேர்ந்து துளி பெருத்தால் வெளுத்துவிடும். (புகைக்கரியின் அடிப்படைத் துகள் நிஜமாகவே நானோதான், பத்திருபது நானோமீட்டர். நுரையீரலின் அடிவரை போகும். கதவைச் சாத்திக்கொண்டு கரி மூட்டிக் குளிர்காயாதீர்கள், கரிப்புகையின் விஷவாயு வேறு இருக்கிறது.)

1 டிசம்பர்

செலவில்லாமல் நானோவுக்குப் பக்கத்து அளவைத் தொட்டுப் பார்க்க ஒரு வழி. இளம் கற்பூர மர (யூகலிப்டஸ்) கன்று எங்காவது இருக்கிறதா பாருங்கள். பெரிய மரத்தின் இலை அரிவாள் மாதிரி நீண்டு பச்சையாக இருக்கும். கன்றின் இலை வேறு: காம்பில்லாமல் தண்டை ஒட்டி இரண்டிரண்டாக, மேலே சாம்பல் பூத்த நீல நிறத்தில். ஒரு துளி தண்ணீர் விடுங்கள். முத்து மாதிரி உருண்டு ஓடும். இப்போது இலையின் ஒரு பாதியைக் கட்டைவிரலால் அழுத்தித் துடையுங்கள். நீலம் விரலோடு வந்துவிடும், அடியில் வெறும் பச்சை. அந்தப் பாதியில் தண்ணீர் ஒட்டிப் பரவும்.

நீங்கள் துடைத்தது மெழுகு. சில நூறு நானோமீட்டர் தடிமனுள்ள மெழுகுக் குழல்கள் நாற்று நட்ட மாதிரி நிற்கின்றன. தண்ணீர்த் துளி அவற்றின் நுனியில் உட்காருகிறது, இடையில் காற்று. தாமரை இலையும் சேப்பங்கிழங்கு இலையும் இதே வித்தை. மெழுகு அதே மெழுகுதான், விரலில் ஒட்டியிருப்பதும் அதுதான். அது நின்ற விதம் கலைந்ததும் குணம் போய்விட்டது.

காலையில் கேத்தியில் இதைச் செய்துபார்த்தேன். பிறகு ரொம்ப நேரம் அந்த இலையை வைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.

8 டிசம்பர்

பெயர்களைப் பற்றி இரண்டு பேர் கேட்டார்கள். மூன்று பக்கமும் நானோ என்றால் நானோத் துகள். இரண்டு பக்கம் நானோ, ஒரு பக்கம் நீளம் என்றால் நானோக் கம்பி அல்லது குழல். 1991-இல் சுமியோ இஜிமா விவரித்த கார்பன் குழல் இந்த வகை. தடிமன் மட்டும் நானோ என்றால் தாள்: 2004-இல் கெய்மும் நோவோசெலோவும் பென்சில் கரியிலிருந்து ஒட்டும் டேப்பால் உரித்த கிராஃபீன், ஓர் அணு தடிமன். பாடப்புத்தகம் இவற்றைச் சுழிப் பரிமாணம், ஒற்றைப் பரிமாணம், இருபரிமாணம் என்று சொல்லும். பிள்ளைகள் குழம்புவது இங்கேதான். நானோவைத் தாண்டி நீள இடம் உள்ள பக்கங்களைத்தான் எண்ணுகிறார்கள். துகளுக்கு அப்படி ஒரு பக்கமும் இல்லை, அதனால் சுழி.

குவாண்டம் புள்ளி என்றால் குறைக்கடத்தியின் (செமிகண்டக்டர்) நானோத் துகள். 2023 வேதியியல் நோபல் பவெண்டி, புரூஸ், எகிமோவ் மூவருக்கும் இதற்குத்தான். காட்மியம் செலினைடு 6 நானோமீட்டர் என்றால் சிவப்பாக ஒளிரும், 2 நானோமீட்டர் என்றால் நீலம். பொருள் ஒன்று, அளவு மட்டும் வேறு. வீணையில் மேல் மெட்டில் அழுத்தினால் கம்பி குட்டையாகிச் சுருதி ஏறுகிறதே, அதுபோல எலக்ட்ரானுக்கு இடம் குறுகக் குறுக ஆற்றல் ஏறுகிறது.

தமிழில் மைக்ரோவுக்கு நுண், நானோவுக்கு மீநுண் என்கிறார்கள். எனக்கு மீநுண் பிடிக்கும், ஆனால் பிள்ளைகளிடம் நானோ என்றுதான் சொல்கிறேன். நம் பழைய கீழ்வாய் இலக்கத்தில் முந்திரி என்றால் 320-இல் ஒன்று. முந்திரியில் முந்திரி கீழ்முந்திரி, 1,02,400-இல் ஒன்று. ஒரு மீட்டருக்குக் கீழ்முந்திரி எடுத்து, அதற்கு மறுபடி கீழ்முந்திரி எடுத்தால் நானோமீட்டரில் பத்தில் ஒன்று வருகிறது. ஏறக்குறைய ஓர் அணு! அதனால் முன்னோர் அணுவை அளந்தார்கள் என்று யாரும் கிளம்ப வேண்டாம். நெல்லையும் நிலத்தையும் பங்கிடக் கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கு அவ்வளவு தூரம் நீள்கிறது என்பதே எனக்குப் பெருமைதான்.

29 டிசம்பர்

இன்றைக்கு 65 வருஷம். 1959 டிசம்பர் 29-இல் கால்டெக்கில் ரிச்சர்ட் ஃபைன்மன் பேசினார், அணு அணுவாக எடுத்து அடுக்குவதை இயற்பியலின் எந்த விதியும் தடுக்கவில்லை என்று. நானோ என்ற சொல்லை அவர் பயன்படுத்தவில்லை. "நானோ தொழில்நுட்பம்" என்று பெயர் வைத்தவர் ஜப்பானின் நோரியோ தனிகுச்சி, 1974-இல்.

பேச்சு நடப்பாக 30 வருஷம் ஆனது. சாதாரண நுண்ணோக்கி 200 நானோமீட்டருக்குக் கீழே கலங்கிவிடும், ஒளியின் அலையே அதற்குத் தடை. 1981-இல் பின்னிக்கும் ரோரரும் ஜூரிக்கில் ஒளியை விட்டுவிட்டு ஊசியால் தடவிப் பார்க்கும் கருவி செய்தார்கள். நுனியில் ஓர் அணு நிற்கும் ஊசி. பரப்பைத் தொடாமல் மிக அருகில் போனால் இடைவெளியைத் தாண்டி எலக்ட்ரான் கசியும். ஓர் அணு உயரம் கூடினாலும் கசிவு பல மடங்கு மாறும். பார்வையற்றவர் விரலால் எழுத்தைப் படிப்பது போல அணுக்களைப் படித்துவிட்டார்கள். 1989-இல் டான் எய்க்ளர் அதே வகை ஊசியால் 35 செனான் அணுக்களை நகர்த்தித் தன் நிறுவனமான ஐ.பி.எம்-இன் மூன்று எழுத்துகளை எழுதினார்.

4 ஜனவரி 2025

கட்டபெட்டு அண்ணா பாட்டிலின் பொடி எழுத்தை வாசித்து அனுப்பியிருக்கிறார். உள்ளே இருப்பது துத்தநாக ஆக்சைடு, "நானோ அளவு". எத்தனை நானோமீட்டர் என்று எங்கும் இல்லை.

இப்போது கடைக்காரர் சொன்னதற்குத் திரும்புவோம். "ரொம்பச் சின்னது, அதனால் உள்ளே போகும்." அண்ணா, நீங்கள் வழக்கமாக இலைக்கு அடிக்கும் துத்தநாக சல்ஃபேட் தண்ணீரில் கரைகிறது. கரைந்தால் அது தனித்தனி அயனி. தண்ணீர் மூலக்கூறுகளைச் சுற்றிக்கொண்டும் ஒரு நானோமீட்டருக்குக் கீழேதான். சின்னதுதான் சிறப்பு என்றால் அந்தப் பழைய உப்பு நானோவைவிடச் சின்னது! ஆக, நானோத் துகளுக்குப் பெருமை இருந்தால் அது அளவு குறைவதில் இல்லை. மெதுவாகக் கரைந்து இலையில் நின்று கொடுப்பது, மழையில் சுலபமாக அடித்துப் போகாதது என்று வேறு காரணம் சொல்ல வேண்டும். சொன்னால் சோதித்துப் பார்க்கலாம்.

இன்னொரு கணக்கையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 45 கிலோ யூரியா மூட்டையில் 46 சதவீதம் தழைச்சத்து, அதாவது 20 கிலோவுக்கு மேல். நானோ யூரியா முதலில் வந்தபோது 4 சதவீதத் திரவம்; அரை லிட்டர் பாட்டிலில் இருந்தது 20 கிராம். மண்ணில் போடும் யூரியாவில் பெரும்பகுதி ஆவியாகவும் மழையோடும் வீணாகிறது, இலைவழி கொடுத்தால் அந்த வீண் குறையும் என்பது நியாயமான வாதம். ஆனால் நானோ ஆக்கினால் அணுக்களின் எண்ணிக்கை கூடாது. ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற இடைவெளியை யார் எதைச் சொல்லி நிரப்பினாலும் இந்தக் கணக்கைக் கேளுங்கள்.

வீட்டில் செய்யும் சோதனை ஒன்று. மூன்று கண்ணாடி டம்ளர். ஒன்றில் உப்புத் தண்ணீர், ஒன்றில் தண்ணீரும் ஒரு சொட்டுப் பாலும், ஒன்றில் பாட்டில் மருந்து அடிக்கும் அளவுக்குக் கரைத்தது. கரண்ட் போன நேரத்தில் பக்கவாட்டில் லேசர் விளக்கை அடியுங்கள், கண்ணில் படாமல். உப்புத் தண்ணீரில் கோடு தெரியாது. பாலில் தெரியும்.

5 ஜனவரி

நேற்று எழுதியதில் ஓர் எச்சரிக்கை விட்டுப்போச்சு. கோடு தெரிந்தால் "துகள் இருக்கிறது" என்றுதான் அர்த்தம், "நானோ இருக்கிறது" என்று இல்லை. சேற்றுத் தண்ணீரிலும் கோடு தெரியும். அதனால் டம்ளரை ஆடாமல் ஒரு ராத்திரி வையுங்கள். துத்தநாக ஆக்சைடு 50 நானோமீட்டர் துகளாக இருந்தால் ஒரு நாளில் அரை மில்லிமீட்டர்தான் இறங்கும், தண்ணீர் மூலக்கூறுகள் மோதி மோதி மிதக்கவிடும். 1,000 நானோமீட்டர் துகள் ஒரு நாளில் 20 சென்டிமீட்டர் இறங்கிவிடும்.

19 ஜனவரி

அண்ணா செய்துவிட்டார். உப்புத் தண்ணீரில் கோடில்லை, பாலில் இருந்தது, பாட்டில் மருந்தில் நன்றாகவே தெரிந்தது. காலையில் பார்த்தால் மருந்து டம்ளரின் அடியில் வெள்ளையாக ஒரு படிவு, மேலே ஏறக்குறையத் தெளிவு. லேசர் அடித்தால் மேல்பாதியில் மங்கலான கோடுதான் என்று எழுதியிருக்கிறார்.

அவசரப்பட்டு ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். பாட்டிலுக்குள் நானோவாக இருந்து, உங்கள் கிணற்றுத் தண்ணீரின் உப்பு பட்டதும் கட்டி பிடித்திருக்கலாம். மழைத் தண்ணீரிலோ வடித்த தண்ணீரிலோ மறுபடி ஒரு தடவை செய்துபாருங்கள். அதிலும் படிந்தால் உள்ளேயே பெரிய துகள்தான். ஆனால் நீங்கள் இலைக்கு அடிக்கப்போவது கிணற்றுத் தண்ணீரில் கலந்துதான். அப்படிப் பார்த்தால் டேங்க்கை விட்டு வெளியே வருவது, பாட்டிலில் என்ன எழுதியிருந்தாலும், நானோ இல்லை.

தோட்டத்திலேயே அடித்துப் பார்க்கலாமா என்று கேட்டீர்கள், அப்படியே செய்யலாம். பக்கத்துப் பக்கத்து வரிசைகளில் ஒன்றுக்குப் பாட்டில், ஒன்றுக்குத் துத்தநாக சல்ஃபேட், ஒன்றுக்கு வெறும் தண்ணீர். வரிசை முனையில் துணி கட்டி அடையாளம் வையுங்கள். எது எது என்று கொழுந்து பறிக்கிறவர்களிடம் சொல்ல வேண்டாம். உறைபனி முடிந்து மார்ச் கொழுந்து வந்ததும் ஒவ்வொரு ரவுண்டும் தனித்தனியாக எடை போட்டு எழுதுங்கள். முதல் ரவுண்டுக்குத் தராசோடு நானும் வருகிறேன்.